ஏன்னு கேட்க ஒரு ஆள்

மூன்று வருடத்துக்கு முன்னால் பிரசவ வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் ஊரையே கூட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள், அம்மனைக் கூப்பிட்டாள், புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வெளியே வரவில்லை. நர்சம்மா என் தலையைத் தடவி, "இந்தப் பொண்ணப் பாத்துக் கத்துக்கங்க. இன்னா சமத்து!" என்றார். அந்த வலியிலும் அந்தச் சொல் எனக்கு இனித்தது. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்.

குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் இருக்கும். அடியில் விரித்த துணி நனைந்துகொண்டே இருந்தது. கண் இருட்டியது. ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நாலடி தள்ளி நர்சு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். துணி மாற்ற வந்த ஆயாம்மா பார்த்துப் பதறிக் குரல் கொடுத்த பிறகுதான் டாக்டர் ஓடி வந்தார். எல்லாம் சரியான பின்பு, மறுநாள் காலை, அந்த டாக்டர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்: "ஏம்மா, ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே?"

என்னிடம் பதில் இல்லை. வெட்கம் இல்லை, பயமும் இல்லை. கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ராத்திரி பால் கொடுத்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் படித்தேன். அம்மாவிடம் பழைய கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பதில் 1991இல் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு மூன்றரை வயது.

காசிமேட்டில் எங்கள் வீடு. நைனா லாஞ்சில் கடலுக்குப் போவார். போனால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கரை. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போய், அன்னக்கூடையில் மீன் எடுத்து, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு உச்சி வெயிலில் திரும்புவாள். அதுவரை என்னைப் பார்த்துக்கொண்டது ஆயா, நைனாவைப் பெற்றவள்.

முத்தடுப்பு ஊசி முதல் தவணை போட்டபோது தொடை வீங்கி எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்திருக்கிறது. அடுத்த தவணைக்கு ஆயா விடவில்லை. அந்த மழைக்காலத்தில் எனக்குத் தொண்டை கட்டியது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், கஷாயம் கொடுத்தார்கள். நான்காம் நாள் கழுத்து வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உள்நாக்குப் பக்கம் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படர்ந்திருந்ததாம். தொண்டை அடைப்பான். டாக்டர்கள் டிப்தீரியா என்பார்கள். முத்தடுப்பு ஊசி தடுக்கும் மூன்று நோய்களில் ஒன்று. தொண்டையில் இருக்கும் கிருமி விடும் நஞ்சு ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கும். பிறருக்கும் தொற்றும். அதனால் தனி வார்டு, அசையக்கூடாத படுக்கை. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்நச்சு மருந்தை ஊசியாகப் போட்டார்கள். வடசென்னையில் இருந்த அந்த ஆஸ்பத்திரிதான் என் உயிரைக் காப்பாற்றியது. மற்ற எதைச் சொல்வதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

22 நாள் உள்ளே இருந்தேன். பெற்றவர்கள் உட்பட யாருக்கும் அனுமதி இல்லை. முதல் இரண்டு நாள் அம்மா கிரில் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். அவளைக் கண்டதும் நான் வீரிட்டிருக்கிறேன். "உன்னப் பாத்தாதான் கொழந்த அழுவுது. அழுதா நெஞ்சுக்கு ஆவாது. நீ கண்ணுல படாம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்" என்று ஒரு நர்சு சொல்லியிருக்கிறார். அக்கறையாகத்தான் சொல்லியிருப்பார். அம்மா நடுங்கிப்போனாள். மூன்றாம் நாளிலிருந்து வெளி கேட்டோடு நின்று, வார்டு ஆயாவிடம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ நான் அழுவதை நிறுத்திவிட்டேன். "ஒம் பொண்ணு சமத்தாயிடுச்சு. குடுத்தத சாப்டுது, படுன்னா படுக்குது" என்று சேதி வந்தது. அன்றைக்குத்தான் அம்மா வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டாளாம்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நான் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தேனாம். தூக்கித் தோளில் போட்டால் மரக்கட்டை மாதிரி விறைப்பாக இருந்தேனாம். ஆயாவிடம் போனேன், பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். அம்மாவிடம் போகப் பத்து நாள் ஆனது. "யாரோ எவரோ மாதிரி பாத்தடி என்ன" என்று முப்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் குரல் உடையும்.

இதே காட்சியை லண்டன் ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்து பார்த்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். ஜேம்ஸ் ராபர்ட்சன். டாக்டர் கிடையாது. போர்க்காலத்தில் அன்னா ஃபிராய்டு என்ற குழந்தை மனநல ஆய்வாளர் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1948இல் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்து, வார்டு வார்டாகப் போய்க் குழந்தைகளைக் கவனித்தார். அந்தக் காலத்தில் அங்கேயும் பல ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் பார்த்தாலே பெரிது. காரணமும் எங்கள் நர்சு சொன்ன அதே காரணம்தான்: பார்த்தால் அழும். ராபர்ட்சன் மூன்று கட்டங்களைக் கண்டார். முதலில் குழந்தை கத்தி, கம்பியை உலுக்கி, அம்மாவைத் தேடும். அடுத்து, சோர்ந்து மூலையில் சுருண்டுகொள்ளும். மூன்றாவதாக ஒதுங்கிவிடும்: எல்லாரிடமும் சிரிக்கும், கொடுத்ததைத் தின்னும், அம்மா வந்தால் மட்டும் கண்டுகொள்ளாது. வார்டுக்குப் பழகிவிட்டது என்று எல்லாரும் நிம்மதி அடைந்தது இந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்துத்தான்.

அவர் சொன்னதை டாக்டர்கள் நம்பவில்லை. அதனால் கையில் பிடிக்கும் ஒரு சின்ன கேமராவை வாங்கி, இரண்டு வயது ஐந்து மாதக் குழந்தை ஒன்று எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததைப் படம் பிடித்தார். 1952இல் அதை மருத்துவர்கள் கூட்டத்தில் போட்டுக் காட்டியபோது அவர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் குழந்தை அதிகம் அழக்கூட இல்லை. அழாமல் இருப்பதற்கு அது படும் பாடுதான் முகத்தில் தெரியும். ஏழு வருடம் கழித்து, 1959இல், பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. காசிமேட்டில் நான் பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது வருடம் முன்பே இது அச்சில் வந்துவிட்டது என்பது இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த மூன்றாவது கட்டத்தை முதன்முதலாகப் படித்த ராத்திரியில், மடியில் கிடந்த என் மகளை எழுப்பிவிடாமல் அழுதேன். நான் சமத்தானேன் என்று இத்தனை வருடம் சொன்னார்களே, அது கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டது.

பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்தது நினைவில் நிற்பதில்லை. நான் அந்த விளிம்பில் இருந்தேன். எனக்கு மிஞ்சியது மூன்றே துண்டுகள்: பச்சை பெயிண்ட் அடித்த கிரில், பினாயில் வாசனை, யாருடையதோ ஒரு சுருக்குப்பை. கதையாக எதுவும் நினைவில்லை. ஆனால் உடம்புக்கு நினைவிருக்கிறது.

கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டித்தான் எனக்குப் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்ஸ் வண்டி ஒன்று வந்தால் கேட்டு எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம், டியூஷன், சித்தி வீடு, எல்லாம் அதற்கு அந்தப் பக்கம். கேட்டு இறங்கும் மணிச் சத்தம் கேட்டால் என் உள்ளங்கை சில்லிடும். வயிறு கல்லாகும். என்கூட வந்தவர்கள் யாராவது முன்னால் தாண்டிப் போய், நான் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் காது அடைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், முகத்தில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நிற்பவர்கள் வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டிருப்பார்கள், நானும் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருப்பேன். ஒரு கடலைகூட உள்ளே இறங்காது. ஏன் இப்படி என்று இருபது வருடம் எனக்கே விளங்கவில்லை.

எட்டாவது படிக்கும்போது பெரிய மனுஷி ஆனதை மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதப் போனபோது, முதலாளி எனக்கு இரண்டு ஆள் வேலை கொடுத்தார். ஒன்றரை வருடம் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து முடித்தேனே தவிர, ஒரு ஆள் வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்ட அடுத்த வாரமே ஆள் போட்டார். கேட்டதும் நான் இல்லை, கூட வேலை பார்த்த அக்காதான் எனக்காகக் கேட்டார். கல்யாணம் ஆன புதிதில் என் வீட்டுக்காரர் ரொம்பக் குழம்பிப்போனார். அவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டு வந்தால் நான் வாசலுக்குப் போக மாட்டேன். முதல் அரை மணி நேரம் அவரிடம் எனக்குப் பேச வராது. பாத்திரம் கழுவுவேன், துணி மடிப்பேன். "நான் வந்தது உனக்குப் புடிக்கலையா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். நாள் எண்ணிக்கொண்டு காத்திருந்தவள் நான். அவர் வந்து நின்றதும் உள்ளே ஏதோ ஒரு கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். இப்போது அவருக்குத் தெரியும். வந்ததும் ஒன்றும் பேசாமல், குளித்துவிட்டு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்துகொள்வார். நானாகப் பேசும் வரை இருப்பார்.

குழந்தை அழுதால் ஆள் வர வேண்டும் என்பது நம் ஊரில் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்கிறோம். நம் தாலாட்டுகளைக் கவனித்துப் பாருங்கள்: யார் அடித்து அழுகிறாய், மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா என்று பாதிப் பாட்டு விசாரணையாகவே போகும். ஏன் அழுகிறாய் என்று கேட்பதுதான் பாட்டே. பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கியம் இருக்கிறது. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று குழந்தை தலை தூக்குவதிலிருந்து நடந்து வருவது வரை பருவம் பருவமாகப் பாடுவது. அதில் பெரும்பாலான பருவங்களில் பெரியவர் ஒருவர் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். ஆடு, கைகொட்டு, முத்தம் தா, வா. கூப்பிடவும் பதில் சொல்லவும் ஆள் இருந்தால்தான் பருவமே நகரும் என்று பாடியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதைச் சோதனைக் கூடத்தில் காட்டியவர் எட்வர்ட் டிரானிக். 1970களில் அமெரிக்காவில் செய்தது. அம்மாவும் கைக்குழந்தையும் எதிரெதிரே உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று அம்மா முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். சில நிமிடம்தான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். சத்தம் போடும். எதற்கும் அசைவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு சுருங்கிவிடும். நான் இதைப் படித்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே பால் கொடுப்பதை விட்டேன். ஆனால் அதே டிரானிக் இன்னொன்றும் சொன்னார், அதை நினைத்துத்தான் தைரியப்படுத்திக்கொண்டேன்: நல்ல அம்மாவும் குழந்தையும்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை, விட்டுப்போவதும் மறுபடி வந்து சேர்வதுமாகத்தான் ஓடுகிறது. மறுபடி வந்து சேர்கிறார்களா என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது.

உடம்புக்குள் நடப்பதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். என் சின்ன வயதில் ஆலைச் சங்கு ஊதும். ஊதும், ஆள் உள்ளே போவார்கள், ஓய்ந்துவிடும். குழந்தைக்குப் பயமோ வலியோ வந்தால் உள்ளே ஒரு சங்கு ஊதுகிறது. கார்டிசால் மாதிரியான சுரப்புகள் ஏறுகின்றன, இதயம் வேகமாக அடிக்கிறது. ஒரு ஆள் வந்து தூக்கினால் சங்கு ஓய்கிறது. அதைத் தானாக ஓயவைக்கக் குழந்தையால் முடியாது, அதற்கு இன்னொரு உடம்பு வேண்டும். யாரும் வராமல் நாள்கணக்கில், மாதக்கணக்கில் ஊதிக்கொண்டே இருந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி தன்னை அமைத்துக்கொள்கிறது. சின்னச் சத்தத்துக்கும் துள்ளும், அல்லது எதற்குமே துள்ளாமல் அடங்கிவிடும். நான் இரண்டாவது ரகம், கேட்டு மணி ஒன்றைத் தவிர.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை ருமேனியா காட்டியது. 1966இல் அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க வழியில்லாத குழந்தைகள் அரசு இல்லங்களில் குவிந்தன. 1989இல் அவர் ஆட்சி கவிழ்ந்த பிறகு உள்ளே போனவர்கள் பலரும் சொன்னது ஒன்றுதான்: வரிசை வரிசையாகத் தொட்டில், ஆனால் சத்தமில்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்று தெரிந்துகொண்ட குழந்தைகள். 2000இல் அந்நாட்டுத் தலைநகர் புகாரெஸ்டில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா மூவரும் 136 குழந்தைகளோடு ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். மூளையின் மின்னலைகளிலேயே வித்தியாசம் தெரிந்தது. அந்த மற்றப் பாதிக் குழந்தைகளை நினைத்து நான் ரொம்ப நாள் தூங்கவில்லை.

என் 22 நாளை அந்தக் குழந்தைகளோடு ஒப்பிட எனக்கு உரிமை இல்லை. எனக்கு ஒரு வீடு இருந்தது. பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். அதை வைத்து 1975இல் டக்ளஸ் என்பவர் எழுதினார்: ஐந்து வயதுக்குள் ஒரு வாரத்துக்கு மேலோ, பல தடவையோ ஆஸ்பத்திரியில் இருந்த பிள்ளைகளுக்குப் பதின்வயதில் நடத்தைச் சிக்கலும் படிப்பில் பின்தங்குவதும் கூடுதலாக இருந்தன. மறு வருடமே குவின்டனும் ரட்டரும் இன்னொரு கூட்டத்தில் சோதித்துப் பார்த்து, திரும்பத் திரும்பச் சேர்க்கப்பட்ட குழந்தைகளிடம்தான், அதுவும் வீட்டிலும் கஷ்டம் இருந்தவர்களிடம்தான் இது அழுத்தமாகத் தெரிகிறது என்றார்கள். ஆகவே எல்லாவற்றுக்கும் அந்த வார்டுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்குப் பிறவிக் குணமும் இருக்கலாம். கடலுக்குப் போன நைனாவுக்காகக் காத்திருந்த ராத்திரிகளும் இருக்கலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஏரியாப் பையன்களைப் பற்றி வெளியே என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். என் கூடப் படித்தவன் ஒருவன், அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் வீட்டில் வளர்ந்தவன், வகுப்பில் பெஞ்சு தட்டும் சத்தத்துக்கே கை ஓங்கி எழுந்துவிடுவான். எல்லா வாத்தியாரும் அவனை ரவுடி என்றார்கள். அவன் ரவுடி ஆகவில்லை. எண்ணூர் பக்கம் லாரி ஓட்டுகிறான், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் கடைக்குப் போவான். 1998இல் ஃபெலிட்டியும் ஆண்டாவும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு, சின்ன வயதில் அடி, அவமானம், வீட்டில் குடி, இவை கூடக் கூடப் பிற்காலத்தில் நோயும் போதையும் மனச்சோர்வும் கூடுவதைக் காட்டியது. அதை எடுத்து ஒவ்வொரு குழந்தைக்கும் மார்க் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னதைத் தனி ஒருவரின் தலையெழுத்தாகப் படிக்கக் கூடாது என்று ஆண்டாவே 2020இல் எழுத வேண்டி வந்தது. அந்த வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் தேவலை.

என்னை ஓரளவுக்குக் காப்பாற்றியது ஆயா. ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமையும் வீட்டுச் சண்டையும் சூழ வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு நல்லபடியாக வந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, பெற்றவர்களோ இல்லையோ, மனசார அக்கறை காட்டிய ஒரு பெரியவர். எங்கள் லைன் வீட்டில் ஏழு குடித்தனம், ஒரு அடிபம்பு, ஒரு ஆயா. ஆயா எங்கே இருந்தாலும், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாலும், பம்படியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும், எந்த வீட்டுக் குழந்தை குரல் கொடுத்தாலும் "இன்னா கண்ணு" என்பாள். வந்து தூக்க மாட்டாள், சில நேரம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். குரல் மட்டும் வந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் கூப்பிடவே இல்லையாம். அதனால் ஆயா தானாக அரை மணிக்கு ஒரு தரம் "இன்னா கண்ணு" என்பாளாம். நான் கூப்பிட்டுவிட்டதாகவே வைத்துக்கொண்டு.

வார்டிலும் ஒருவர் இருந்திருக்கிறார். என் நினைவில் இருக்கும் சுருக்குப்பைக்குச் சொந்தக்காரர். அந்த வார்டு ஆயா என் பக்கத்தை விட்டு நகரும்போதெல்லாம் தன் வெற்றிலைப் பையை அவிழ்த்து என் கையில் கொடுத்து, "தோ வந்துர்றேன், இத பத்திரமா வச்சினு இரு" என்பாராம். வெற்றிலை போடாமல் அந்த அம்மாவால் இருக்க முடியாது, ஆகவே வந்துதான் தீர வேண்டும். மூன்றரை வயதுக்கும் அது புரிந்திருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது நான் அந்தப் பையை விடவில்லையாம். உள்ளே இரண்டு கொட்டைப் பாக்கோடு என்னிடமே விட்டுவிட்டார். பிறகு அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது பெரும்பாலான குழந்தைகள் வார்டில் அம்மா கூடவே படுத்துக்கொள்கிறாள். குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலேயே போட்டு வைக்காமல் அம்மாவின் நெஞ்சோடு அணைத்துக் கட்டுகிறார்கள். 1978இல் கொலம்பியாவில், போதுமான பெட்டி இல்லாத ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கிய பழக்கம் அது, கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வெளியே என்ன மாறியிருக்கிறது? காசிமேட்டில் இன்றைக்கும் மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். 2017 சட்டத் திருத்தம் 26 வாரப் பேறுகால விடுப்பு கொடுத்தது, 2021இல் தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு ஒரு வருடம் கொடுத்தது. மீன் கூடைக்கு விடுப்பு கொடுப்பது யார்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பொருளும் பணமுமாக 18,000 ரூபாய் வரும். அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருடம் குழந்தையோடு இருக்க அது போதாது. குழந்தை அழும்போது நீ எங்கே போனாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. என் அம்மாவை அப்படிக் கேட்டவர்கள் உண்டு.

அதனால்தான் பால்வாடி எனக்கு முக்கியம். 1975இல் அங்கன்வாடித் திட்டம் வந்தது, 1982இல் சத்துணவு வந்தது. சத்துமாவு, முட்டை, எடை அட்டை எல்லாம் எங்கள் தெருவில் எத்தனை உயிரைத் தாங்கியது என்று எனக்குத் தெரியும். எடை அட்டையில் ஒரு கிராம் குறைந்தால் டீச்சர் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு குழந்தை அழுவதை நிறுத்திவிட்டால் குறித்து வைக்க அப்படி ஒரு அட்டை இல்லை. அதைக் கவனிக்க ஒரே ஒரு டீச்சரும் ஒரு ஆயாவும்தான், அவர்கள் கையில் கரண்டியும் பதிவேடும்.

என் மகளைப் போன ஜூனில் பால்வாடியில் விட்டேன். முதல் நாள் கேட்டைச் சாத்தியதும் அவள் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். டீச்சர் வெளியே வந்து, "பயப்படாத மா. கத்துற கொழந்தைங்கள நான் பாத்துக்குவேன். மொத நாளே கம்முனு ஒக்காந்துக்குதுங்க பாரு, அதுங்கதான் எனக்குக் கவல. நீ ஒரு வாரம் இந்தப் படியிலயே ஒக்காரு" என்றார். மனநலப் பாடம் படித்தவர் இல்லை. 24 வருடம் குழந்தைகளைப் பார்த்தவர். அந்த ஒரு வாரம் ஏஜென்சியில் லீவு கேட்டேன். ஆம், நானாகவே வாய் திறந்து கேட்டேன். படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து ஜன்னல் வழியாக "அம்மா" என்பாள், நான் "இன்னா கண்ணு" என்பேன், உள்ளே போய்விடுவாள். இரண்டாவது வாரம் நான் கிளம்பும்போது என் வீட்டுச் சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்தேன். இது இல்லாமல் அம்மாவால் வீட்டுக்குள் போக முடியாது, பத்திரமாக வைத்துக்கொள் என்றேன். (இன்னொரு கொத்து பையில் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது.) இப்போது அவள் சாவியை வாங்குவதில்லை. "நீயே வச்சுக்கோ, தொலச்சிடாத" என்கிறாள்.

போன மாதம் அம்மாவுக்குக் கண் புரை எடுத்துவிட்டு ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டோம். மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து, "இன்னாடி இப்டி ஜில்லுனு கீது?" என்றாள். முதன்முதலாக அவளிடம் சொன்னேன். கேட்டு, கிரில், மணிச் சத்தம், எல்லாவற்றையும். ஒரு கண்ணில் கட்டோடு அவள் ரொம்ப நேரம் கூட்ஸ் பெட்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இத்தனை வருடத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

வெளி கேட்டில் விசாரித்துவிட்டு அவள் உடனே வீட்டுக்குத் திரும்பியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. என் வார்டு அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தினமும் காலிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சுவரோரம் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாளாம்.

"சத்தமா கூப்ட்டா நீ கேட்டு அழுவ, நெஞ்சுக்கு ஆவாதுன்னு சொன்னாங்களே. அதான் மெதுவா கூப்டுவேன். ரெண்டு தபா. காதுல வுழுந்துச்சாடி உனுக்கு?"

"தெரியலம்மா."

கடைசிப் பெட்டி போனது. கேட்டு தூக்குவதற்கு முன்பே இரண்டு பக்கமும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். சத்தத்தில் மகள் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள்.

"ஆயா" என்றாள்.

"இன்னா கண்ணு" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல."

ஆட்டோ தண்டவாளத்தின் மேல் குலுங்கி ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.